‘ஆமா’வுக்கும் ‘இல்லை’க்கும் நடுவில்

(மாத்தூரில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் தொடக்க, உயர்நிலை வகுப்பு ஆசிரியர்கள் முன் பேசியதன் எழுத்து வடிவம்)



வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் நம் எல்லோரிடமும் பிள்ளைகள் கேட்கும் வினா ஒன்று உண்டு. “மிஸ், நாளைக்கு லீவா?” வானம் கொஞ்சம் இருட்டினால் போதும். ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை இதே கேள்விதான். “கலெக்டர் சொன்னா லீவு, போய் உட்காரு” என்று நாமும் அனுப்பிவிடுகிறோம்.

அதே கேள்விக்குப் பிள்ளைகள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் விடைகளை ஒரு நாள் நின்று கேட்டுப் பாருங்கள். ஒருவன் “லீவுதான்டா” என்பான். அடுத்தவள் “லீவாம்” என்பாள். இன்னொருவன் “லீவா இருக்கும்” என்பான். “லீவா இருக்கலாம்”, “லீவோ என்னவோ”, “லீவெல்லாம் இருக்காது” என்று ஒரே செய்தி ஆறு விதமாக வரும்.

இந்த ஆறும் ஒன்றல்ல. ‘லீவுதான்’ என்பவன் தொலைக்காட்சியில் அறிவிப்பைப் பார்த்திருப்பான், அல்லது பார்த்தவனைப் போல அடித்துச் சொல்கிறான். ‘லீவாம்’ என்பவள், யாரோ சொன்னதைச் சொல்கிறேன், அதற்கு நான் பொறுப்பில்லை என்கிறாள். ‘லீவா இருக்கும்’ என்பவனிடம் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. நேற்று இரவெல்லாம் மழை, தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். ‘இருக்கலாம்’ என்பவனிடம் அந்தக் காரணம் கொஞ்சம் பலம் குறைந்தது. ‘லீவோ என்னவோ’ என்பது சுத்தமான ஐயம். கடைசியில் ஒருவன் மறுக்கிறான். அவன் மறுப்பிலும் ‘லீவு இல்லை’ என்ற உறுதி இல்லை, ‘இருக்காது’ என்ற கணிப்புதான் இருக்கிறது.

தனக்கு எவ்வளவு தெரியும், அது எங்கிருந்து தெரியும் என்பதை ஒரே ஓர் எழுத்தில், ஒரு விகுதியில் சொல்லும் திறமையோடுதான் நம் பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்கள். யாரும் கற்றுக்கொடுக்காமலே ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு இது தெரியும். வகுப்புக்குள் வந்ததும் நாம் கேட்பது, “சரியா, தவறா?” அதோடு அந்த ஆறு நிறமும் இரண்டாகிவிடுகிறது.

இந்தத் திறமையை வகுப்பறையில் அணையவிடாமல் வளர்ப்பது எப்படி, நம் பகுதியில் அது ஏன் உயிர் காக்கும் விஷயம் என்பதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இலக்கணம் என்ன சொல்கிறது?

தமிழாசிரியர்கள் மன்னிக்க வேண்டும், உங்கள் பாடத்திலிருந்துதான் தொடங்குகிறேன். பத்தாம் வகுப்பில் வினா ஆறு வகை, விடை எட்டு வகை என்று நடத்துகிறோம். பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். அந்தப் பட்டியலை வேறு கண்ணோடு ஒருமுறை பாருங்கள்.

“நாளைக்குப் பள்ளிக்கு வருவாயா?” என்று ஒரு பிள்ளையைக் கேட்கிறோம். ‘வருவேன்’ என்றால் நேர்விடை. ‘வரமாட்டேன்’ என்றால் மறைவிடை. ‘வராமல் இருப்பேனா மிஸ்?’ என்றால் வினா எதிர் வினாதல். ‘இரண்டு நாளாகக் காய்ச்சல் அடிக்கிறது’ என்றால் உற்றது உரைத்தல். ‘மழை பெய்தால் எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கும்’ என்றால் உறுவது கூறல். ‘சனிக்கிழமை சிறப்பு வகுப்புக்கு வருகிறேன்’ என்றால் இனமொழி விடை. சுட்டும் ஏவலும் சேர்ந்தால் எட்டு. நன்னூல் வகுத்த இந்த எட்டில் ஆமாவும் இல்லையும் இரண்டு இடங்களைத்தான் பிடித்திருக்கின்றன.

இன்னொரு விதியும் நன்னூலில் இருக்கிறது. தொலைவில் ஓர் உருவம் தெரிகிறது. மரக்கட்டையா, மனிதனா என்று தெரியவில்லை. அப்போது என்ன சொல்ல வேண்டும்? திணை ஐயமாக இருந்தால் இரண்டுக்கும் பொதுவான ‘உரு’ என்ற சொல்லால் சொல் என்கிறது இலக்கணம். மனிதர்தான் என்று தெரிந்துவிட்டது, ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. அப்போது பொதுவாகத் ‘தோன்றுகின்றார்’ என்று சொல்.

இதில் உள்ள நேர்மையைப் பாருங்கள். தெரிந்தவரைக்கும் துணிந்து சொல். தெரியாத இடத்தில் தெரிந்தது போல் சொல்லாதே. அதற்காக வாயை மூடிக்கொண்டும் இருக்காதே. ஐயத்தைச் சொல்வதற்கு ஒரு சரியான வடிவம் உண்டு, அந்த வடிவத்தில் சொல்வது பிழை ஆகாது என்று இலக்கணமே இடம் கொடுத்திருக்கிறது.

வினா வகையில் முதலில் வருவது அறிவினா. விடை தெரிந்தவரே கேட்பது. ஆசிரியர் மாணவரைக் கேட்பதைத்தான் இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். ஒரு நாளில் நாம் வகுப்பில் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். விடை நம் கையில் இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியும். அதனால் அது தன் மனதில் உள்ளதைச் சொல்லப் பார்ப்பதைவிட, நம் முகத்தைப் பார்த்து விடையைக் கண்டுபிடிக்கத்தான் பார்க்கிறது. உதடு கொஞ்சம் சுளித்தால் ‘இல்லை மிஸ்’, கொஞ்சம் மலர்ந்தால் ‘ஆமா மிஸ்’.

துறைமுகத்தில் ஏறும் கூண்டு

நாம் இருப்பது துறைமுகங்களுக்குப் பக்கத்தில். சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி என்று மூன்று துறைமுகங்கள். நம் பிள்ளைகளின் வீடுகளில் துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவர்களும், கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர்களும், கடலுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ‘ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது’ என்ற செய்தி அவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் அந்த எண்களின் பொருளை வகுப்பில் எத்தனை பேர் சொல்லிக் கொடுத்திருப்போம்?

மொத்தம் பதினொரு எண்கள். பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் அடையாளம். ஒன்று என்றால், தொலைவில் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறது. துறைமுகத்துக்கு இப்போது பாதிப்பில்லை. இரண்டு என்றால், தொலைவில் புயல் உருவாகியிருக்கிறது. துறைமுகத்தை விட்டுப் போகும் கப்பலுக்கு ஆபத்து நேரலாம். மூன்று என்றால், துறைமுகத்திலேயே திடீர்க் காற்றோடு மழைக்கு வாய்ப்பு. நான்கு என்றால், துறைமுகத்துக்குப் புயல் அச்சுறுத்தல் உண்டு. ஆனால் கடும் நடவடிக்கை எடுக்கும் அளவுக்கு இன்னும் ஆபத்து தெரியவில்லை. ஐந்து முதல் ஏழு வரை ஆபத்து. எட்டு முதல் பத்து வரை பேராபத்து. புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கரையைக் கடக்கும் என்பதைப் பொறுத்து இவற்றில் எண் மாறும்.

இப்போது பதினொன்றாம் எண்ணைப் பாருங்கள். அது பத்தைவிடப் பெரிய புயல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதன் பொருள் வேறு. வானிலை எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது. மோசமான வானிலை வரும் ஆபத்து இருப்பதாக உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பதே பதினொன்று. அதாவது, ‘எனக்குத் தெரியவில்லை’ என்பதற்கே ஒரு தனி எண் கொடுத்து, அதைப் பட்டியலின் உச்சியில் வைத்திருக்கிறார்கள். செய்தி வரவில்லை என்பதற்குப் புயல் இல்லை என்று பொருள் கொண்டுவிடக் கூடாது என்று மாலுமிகளுக்குச் சொல்லும் ஏற்பாடு அது.

வானிலை அறிக்கையிலும் இப்படித்தான். ‘ஓரிரு இடங்களில் மழை’ என்று செய்தி வாசிப்பவர் சொல்லும்போது அது ஏதோ பேச்சுக்குச் சொல்வது என்று நினைக்கிறோம். அதற்கு அளவு இருக்கிறது. ஒரு பகுதியின் மழைப்பதிவு நிலையங்களில் 25 விழுக்காடு வரை மழை பதிவாகும் என்றால் ‘ஓரிரு இடங்களில்’. 26 முதல் 50 வரை ‘ஒருசில இடங்களில்’. 51 முதல் 75 வரை ‘பல இடங்களில்’. அதற்கு மேல் ‘பெரும்பாலான இடங்களில்’. மழையின் அளவுக்கும் இப்படியே. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பெய்தால்தான் கனமழை. 115.6-இலிருந்து மிகக் கனமழை. 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை.

நிறங்களும் அப்படியே. பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு. ஆரஞ்சு என்றால் தயாராக இரு. சிவப்பு என்றால் செயலில் இறங்கு. ஒவ்வொரு படிக்கும் ஒரு வேலை ஒட்டியிருக்கிறது பாருங்கள். உறுதியாகத் தெரிந்த பிறகுதான் எதையும் செய்வேன் என்று இந்த முறை காத்திருப்பதில்லை. இவ்வளவு தெரிந்தால் இவ்வளவு செய் என்கிறது.

2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயல் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். “புயல் சென்னையில் கரையைக் கடக்குமா?” என்று கேட்டால் ‘இல்லை’ என்பதுதான் சரியான விடை. டிசம்பர் 5 அன்று அது ஆந்திராவின் பாபட்லா அருகேதான் கரையைக் கடந்தது. ஆனால் 3, 4 தேதிகளில் பெய்த மழையில் சென்னையின் பல பகுதிகள் நீரில் மூழ்கின. மணலி, எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்ததை நாடே பார்த்தது. கேட்ட கேள்விக்கு ‘இல்லை’ சரி. அந்த ‘இல்லை’யை மட்டும் கேட்டுக்கொண்டு நிம்மதியாகப் படுத்தவருக்கு அது போதுமான விடை இல்லை. ‘ஆந்திராவில்தான் கடக்கும், ஆனால் நமக்குக் கனமழை உண்டு’ என்ற விடைதான் அவருக்கு வேண்டியிருந்தது. அதை இனமொழி விடை என்று நம் இலக்கணம் பெயரிட்டு வைத்திருக்கிறது.

நாற்றம் வருகிறது மிஸ்

அடுத்ததும் நம் பகுதி விஷயம்தான். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு நேரத்தில் எண்ணூர் பெரியகுப்பம் பகுதியில் அமோனியா கசிந்து மக்கள் வீடுகளை விட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கண் எரிச்சலும் மயக்கமும் ஏற்பட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தினரும் வந்து சோதித்தார்கள். எந்த வாயு, எங்கிருந்து வந்தது என்று அப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நவம்பர் 4-இல் பள்ளி மறுபடி திறந்த அன்றும் சில பிள்ளைகளுக்கு உடல்நலம் பாதித்தது.

அந்த நாட்களில் எல்லோர் வாயிலும் ஒரே கேள்வி: “வாயு கசிந்ததா, இல்லையா?” ஆமா என்றவர்களும் இல்லை என்றவர்களும் சண்டை போட்டுக்கொண்டார்கள். இதில் நாம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டிய மூன்று தொடர்கள் இருக்கின்றன. ‘வாயு இல்லை’. ‘வாயு கண்டறியப்படவில்லை’. ‘நாங்கள் சோதித்த நேரத்தில், எங்கள் கருவிக்குத் தெரிந்த வாயுக்களில் எதுவும் கண்டறியப்படவில்லை’. செய்தியாகக் கேட்கும்போது மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். பொருளில் மூன்றும் வெவ்வேறு. மூன்றாவதாகச் சொல்கிறவர் தனக்குத் தெரிந்ததன் எல்லையையும் சேர்த்துச் சொல்கிறார். அதைக் கேட்பவருக்கு அடுத்த கேள்வி கேட்க வழி இருக்கிறது: காற்று திசை மாறியிருக்குமோ? வேறு கருவி வேண்டுமோ? சோதிப்பதற்குள் கலைந்து போயிருக்குமோ?

அறிவியல் ஆசிரியர்களுக்குத் தெரியும், அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு செறிவு கூடும்போது மூக்கின் மோப்பத் திறனையே மரத்துப்போகச் செய்துவிடும். ‘இப்போ நாத்தம் வரல’ என்றால் வாயு போய்விட்டது என்றும் இருக்கலாம், மூக்கு வேலை செய்யவில்லை என்றும் இருக்கலாம். துறைமுகத்தின் பதினொன்றாம் எண் சொல்வதும் இதைத்தான்.

ஒரு பிள்ளை எழுந்து “மிஸ், ஏதோ நாத்தம் வர்ற மாதிரி இருக்கு” என்கிறது. ‘வர்ற மாதிரி இருக்கு’ என்று தயங்கிச் சொல்கிறது. “உறுதியா வருதா, இல்லையா? சும்மா பாடத்தைக் கவனி” என்று நாம் சொன்னால், அடுத்த முறை அந்தப் பிள்ளை உறுதியாகும் வரை காத்திருக்கும். வாயு விஷயத்தில் உறுதியாகும் வரை காத்திருப்பது நல்லதல்ல. அதனால் தயங்கிச் சொல்லும் பிள்ளையை நிறுத்தி மூன்று கேள்வி கேட்கலாம். எப்போதிலிருந்து? எந்த ஜன்னல் பக்கம்? வேறு யாருக்கு வருகிறது? அரை நிமிடம் போதும். மூன்று பேர் கை தூக்கிவிட்டால் நமக்கு அது ஆரஞ்சு. தலைமையாசிரியருக்குச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளை எழுப்பத் தயாராக வேண்டும். கண்ணெரிச்சல், இருமல் தொடங்கிவிட்டால் அது சிவப்பு. அப்போது யாருடைய உறுதிக்காகவும் காத்திருக்கக் கூடாது.

வகுப்பறையில் செய்வது எப்படி?

எல்லாம் சரி, பாடம் நடத்தும்போது இதற்கு நேரம் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். நேரம் பிடிக்காத ஒரு வழியை நான் என் வகுப்பில் பயன்படுத்துகிறேன். விடை சொல்லும் பிள்ளை, விடையோடு விரலையும் காட்ட வேண்டும். நான்கு விரல் என்றால் உறுதியாகத் தெரியும். மூன்று என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு என்றால் ஊகம். ஒன்று என்றால் தெரியாது, சும்மா சொல்கிறேன். எழுத்துத் தேர்வு என்றால் விடைக்குப் பக்கத்தில் 1 முதல் 4 வரை ஓர் எண். விரலுக்கு மதிப்பெண் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் எல்லோரும் நான்கு விரல் காட்டிவிடுவார்கள்.

இதனால் நமக்குக் கிடைப்பது என்ன? விடை சரி, நான்கு விரல்: அந்தப் பிள்ளையைப் பற்றிக் கவலையில்லை. விடை சரி, ஒரு விரல்: மதிப்பெண் பட்டியலில் இந்தப் பிள்ளை முதல் பிள்ளைக்குச் சமம், ஆனால் அதற்கு இன்னொரு முறை விளக்கம் வேண்டும். விடை தவறு, ஒரு விரல்: தெரியாது என்று தனக்கே தெரிந்த பிள்ளை, கற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறது. விடை தவறு, நான்கு விரல்: நம் கவனம் முதலில் போக வேண்டியது இங்கேதான். அங்கே ஒரு தவறான கருத்து ஆழமாக வேர்விட்டிருக்கிறது. வெறும் சரி, தவறு போட்டுத் திருத்தினால் இந்த நான்கு பேரும் இரண்டு கூட்டமாகத்தான் நமக்குத் தெரிவார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. “இரும்பு தண்ணீரில் மிதக்குமா?” என்று கேளுங்கள். ‘மிதக்காது’ என்று நான்கு விரலோடு கைகள் உயரும். “அப்படியென்றால் துறைமுகத்தில் நிற்கும் கப்பல் எதால் செய்தது?” என்று கேளுங்கள். வகுப்பு அமைதியாகும். மெதுவாக விரல்கள் மடங்கும். பிறகு ஒரு பிள்ளை சொல்லும், “ஆணியா இருந்தா முழுகும் மிஸ், கப்பலா செஞ்சா மிதக்கும்.” அடர்த்தி, மிதப்பு விசை பாடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

அந்தப் பிள்ளை சொன்ன விடைக்கு ஒரு பழைய பெயர் உண்டு. மணிமேகலையின் கடைசிக் காதையில், வினாவுக்கு விடை சொல்லும் முறை நான்கு என்று வருகிறது. துணிந்து சொல்லல், கூறிட்டு மொழிதல், வினாவின் விடுத்தல், வாய்வாளாமை. உறுதியானதற்கு ஒரே விடை. பிரித்துச் சொல்ல வேண்டியதைப் பிரித்துச் சொல்வது. கேள்வியைத் தெளிவாக்க எதிர்க்கேள்வி கேட்பது. வானத்தில் பூக்கும் பூ பழையதா புதியதா என்பது போன்ற பொருளற்ற கேள்விக்கு மௌனம். ‘ஆணியென்றால் முழுகும், கப்பலென்றால் மிதக்கும்’ என்பது கூறிட்டு மொழிதல்.

கணக்காசிரியர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பிலேயே நிகழ்தகவு வந்துவிடுகிறது. இயலா நிகழ்ச்சிக்கு 0, உறுதி நிகழ்ச்சிக்கு 1, மற்றவை நடுவில். நாணயம் சுண்டுவதோடும் பகடை உருட்டுவதோடும் அந்தப் பாடம் முடிந்துவிடுகிறது. ஒரு நாள் ‘கண்டிப்பாக’, ‘அநேகமாக’, ‘ஒருவேளை’, ‘வாய்ப்புண்டு’, ‘சந்தேகம்தான்’ என்ற ஐந்து சொற்களைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை ஓர் எண் போடச் சொல்லுங்கள். ஒரு பிள்ளையின் ‘ஒருவேளை’ இருபதில் இருக்கும், இன்னொன்றின் ‘ஒருவேளை’ அறுபதில் இருக்கும். பெரியவர்களுக்கும் இதே கதைதான். 1951-இல் அமெரிக்க உளவுத் துறையில் ஷெர்மன் கென்ட் என்பவரின் குழு, யுகோஸ்லாவியா மீது தாக்குதல் நடக்கக் கணிசமான வாய்ப்பு உண்டு என்று ஓர் அறிக்கை எழுதியது. அந்தச் சொல்லால் என்ன சொல்ல நினைத்தீர்கள் என்று பிறகு அவர் தன் குழுவினரையே கேட்டார். நூற்றுக்கு இருபது என்றார் ஒருவர். நூற்றுக்கு எண்பது என்றார் இன்னொருவர். எல்லோரும் ஒரே தொடரில் கையெழுத்திட்டவர்கள்.

‘இருக்கலாம்’ ஒரு தப்பிக்கும் வழியா?

இப்படிப் பழக்கினால் பிள்ளைகள் எதைக் கேட்டாலும் ‘இருக்கலாம் மிஸ்’ என்று நழுவ மாட்டார்களா என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். அதற்கு ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். ‘இருக்கலாம்’ என்று சொன்னால் அதோடு ‘ஏனென்றால்’ வர வேண்டும். அதற்குப் பிறகு ‘எப்படி உறுதி செய்யலாம்’ என்பதும் வர வேண்டும். இந்த இரண்டும் இல்லாத ‘இருக்கலாம்’ செல்லாது. பொதுத்தேர்வில் வரும் கூற்று, காரணம் வகைக் கேள்விக்கும் இது நேரடிப் பயிற்சி. முடிவு வேறு, அதற்கான காரணம் வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு அந்தக் கேள்வி குழப்பம் தராது.

நடுநிறங்களே இருக்கக் கூடாத இடங்களும் உண்டு. ஏழெட்டு ஐம்பத்தாறு, அதில் ‘இருக்கலாம்’ கிடையாது. பிள்ளையின் உடலை யாராவது தொடுவது பிடிக்கவில்லை என்றால் ‘வேண்டாம்’ என்பது முழுச்சொல். அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதும் இல்லை. அந்தச் சொல்லை மீறுகிறவர் யாராக இருந்தாலும் 1098-ஐ அழைக்கலாம் என்பதையும் உறுதியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பதினெட்டு வயதுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் செய்யலாமா என்று ஒரு பெற்றோர் நம்மிடம் கேட்டால், கூறிட்டு மொழிய அங்கே எதுவும் இல்லை. துணிந்து சொல்ல வேண்டிய இடத்தில் துணிந்து சொல்வதும் இந்தப் பயிற்சியின் பகுதிதான்.

வரவில்லை, வராது

கடைசியாக, நாம் பிள்ளைகளைப் பற்றிப் பேசும் பேச்சுக்கு வருகிறேன்.

ஆசிரியர் அறையில் நாம் எல்லோரும் கேட்டிருக்கும் தொடர் ஒன்று உண்டு. “அவனுக்கா? கணக்கு வராது.” பெற்றோர் கூட்டத்திலும் அதைச் சொல்கிறோம். அந்தத் தாயும் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையிடம், “உனக்கு வராதாம், மிஸ்ஸே சொல்லிட்டாங்க” என்கிறார். நாம் ‘வராது’ என்றதை அந்தத் தாய் ‘வராதாம்’ என்கிறார். அந்தப் பிள்ளை “எனக்கு வராது” என்று அதை எடுத்துக்கொள்கிறது. கேட்டது கணிப்பாகி, கணிப்பு உண்மையாகிவிடுகிறது.

நம்மிடம் இருக்கும் ஆதாரம் என்ன? ஒரு பருவத்தின் இரண்டு தேர்வுத்தாள். வகுப்பில் பார்த்த சில நாட்கள். பிள்ளை பாதி நாள் வராமல் போன வருகைப் பதிவேடு. இதை வைத்து ‘வரவில்லை’ என்று சொல்லலாம். அது நாம் கண்டது. ‘வராது’ என்பது எதிர்காலம். அந்த உறுதியைத் தரும் கருவி எந்தப் பள்ளியிலும் இல்லை. வங்கக் கடலுக்கு மேலே செயற்கைக்கோள் வைத்துக்கொண்டு, பலவகைக் கணிப்பு முறைகளை வைத்துக்கொண்டு, வானிலை மையம் நாளைய மழைக்கே ‘வாய்ப்புள்ளது’ என்றுதான் சொல்கிறது. பத்து வயதுப் பிள்ளையின் பத்து ஆண்டுகளுக்குப் பிறகான வாழ்க்கையைப் பற்றி நாம் நான்கு விரல் காட்டலாமா?

இதைப் பதிவேட்டில் எழுதும்போதும் மாற்றலாம். ‘வகுத்தல் தெரியாது’ என்பதற்குப் பதிலாக, ‘ஓரிலக்க எண்ணால் வகுக்கிறான், ஈரிலக்க எண்ணால் வகுத்தல் இன்னும் வரவில்லை’ என்று எழுதலாம். இரண்டாவதாக எழுதினால் அடுத்து வரும் ஆசிரியருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியும். பிள்ளையின் பெற்றோருக்கு எதில் உதவலாம் என்று தெரியும். முதல் தொடரில் யாருக்கும் செய்ய வேலை இல்லை.

நாளை பள்ளிக்குப் போனதும் ஒரு பாடவேளையில் விரல் முறையை முயன்று பாருங்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு நான்கு படி அதிகம். ‘தெரியும்’, ‘நினைக்கிறேன்’, ‘தெரியாது’ என்று மூன்று போதும். முதல் சில நாள் எல்லோரும் நான்கு விரல்தான் காட்டுவார்கள். தெரியாது என்று ஒற்றை விரல் காட்டும் முதல் பிள்ளையை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதை மொத்த வகுப்பும் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளையிடம், “சரி, எதுவரைக்கும் தெரியும், அங்கிருந்து சொல்லு” என்று கேளுங்கள். அடுத்த நாளிலிருந்து மற்ற விரல்களும் உண்மையைச் சொல்லத் தொடங்கும்.